பெயர் தெரியாத பட்டன்

மோனிஷா அந்தப் பட்டனை மறுபடியும் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

லேப்டாப்பின் மேல் வரிசையில், வலது ஓரத்தில், நட்சத்திரம் போட்ட பட்டன். சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, வெளிச்சத்தை மாற்றுவது எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமையே வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். இது மட்டும் மசியவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா வீரபாண்டி எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எஸ்டேட் லயத்து வீடுகளில் பாதிப் பேர் பூப்பாறைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அம்மா வேலுத்தாய் வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப், மோனிஷா வேலை பார்க்கிற ரிசார்ட்டில் கழித்துப் போட்டது. விண்டோஸைத் தாங்கவே திணறியது. அதற்குப் பதிலாக அவள் லினக்ஸைப் போட்டாள். பள்ளிக்கூடத்து லேபில் அவள் தொட்டுப் பழகியதே அதுதான். போட்டதும் லேப்டாப் சுறுசுறுப்பாகிவிட்டது, மேல் வரிசைப் பட்டன்கள் மட்டும் செத்துப்போயின.

"வேற பட்டன்ல வச்சுத் தரவாப்பா? எஃப் ஒம்பது சும்மாதான் கெடக்கு."

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நட்சத்திரத்தின் மேலேயே விரலை வைத்துக் காட்டினார்.

அவர் சொல்வதும் நியாயம்தான். போடிமெட்டு வளைவுகளில் முப்பது வருஷம் ஜீப் ஓட்டி விரல்கள் தடித்துப்போன கை. வேறு எதை அழுத்தினாலும் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்கும். நட்சத்திரம்தான் தனியாக, அகலமாக இருந்தது.

மோனிஷா போனை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே செருகினாள். அங்கேதான் சிக்னல் வரும், அதுவும் கேரளாவும் தமிழ்நாடும் மாறி மாறி. எங்கோ யாரோ இதே லேப்டாப்போடு மல்லுக்கட்டி எழுதி வைத்ததைத் தேடிப் படித்தாள். முதலில் லேப்டாப் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளைப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து பார்த்தாள்.

கடைசியில் ஒரே வரி, திரும்பத் திரும்ப. அடையாளம் தெரியாத பட்டன் அழுத்தப்பட்டது. அடையாளம் தெரியாத பட்டன் அழுத்தப்பட்டது. அவள் காலையிலிருந்து அழுத்திய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி இருந்தது.

"அதுக்குக் கேக்குதுப்பா! பேருதான் தெரியல."

அப்பா இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

பட்டனின் எண்ணும் அந்த வரியிலேயே இருந்தது. அந்த எண்ணுக்கு ஒரு பெயரைக் கட்டினாள். ஒரே வரி, ஒரு என்டர். வெள்ளிக்கிழமையே எழுதி வைத்திருந்த கட்டளையை அந்தப் பெயரோடு சேர்த்தாள். சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு தடவை அணைத்துப் போட்டாள்.

லேப்டாப் அந்தப் பெயரை மறந்துவிட்டது. பழையபடி அடையாளம் தெரியாத பட்டன்.

அப்பா எழுந்து போய்ப் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவள் குடிக்கவில்லை. ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் லேப்டாப் தானாகவே படித்துக்கொள்கிற மாதிரி, அந்தப் பெயரை ஒரு கோப்பில் எழுதி உள்ளே வைத்தாள். மறுபடியும் அணைத்துப் போட்டாள்.

இந்த முறை நின்றது.

சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பினாள்.

"நீங்களே அமுக்குங்கப்பா."

வீரபாண்டி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். யாரோ போட்டோ எடுக்கப்போகிற மாதிரி நிமிர்ந்தார். அழுத்தினார்.

ஒரு நொடி போயிற்று. பிறகு லேப்டாப் கத்தியது.

"ஏ... வேலூ!"

மனுஷக் குரலே இல்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிற மாதிரி இருந்தது. மோனிஷாவுக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாள் பாடுபட்டது இதற்கா?

பின்பக்கமிருந்து பதில் வந்தது.

"வந்துக்கிட்டுத்தான இருக்கேன்! எதுக்கு இம்புட்டுச் சத்தம்?"

முந்தானை நிறைய பீன்ஸோடு கதவு வரை வந்த பிறகுதான் வேலுத்தாய் நின்றாள். தான் யாருக்குப் பதில் சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

லயத்தில் எல்லோருக்கும் அவள் வேலுத்தாய். இல்லாவிட்டால் மோனிஷாவின் அம்மா. 'ஏ வேலு' என்று கூப்பிட ஒரே ஆள்தான் உண்டு. மதுரையில் ஆபரேஷன் செய்து அந்த ஆளின் தொண்டையிலிருந்து கட்டியை எடுத்தபோது குரலும் கூடவே போய், பத்து மாதம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரால் சுவரைத் தட்டுவார். அவளும் வந்து நிற்பாள்.

வீரபாண்டி சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

வேலுத்தாய் அவரைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். பீன்ஸை முறத்தில் கொட்டினாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

பிறகு, பறிக்க ஒன்றும் மிச்சமில்லாத பீன்ஸ் பந்தலுக்கே திரும்பிப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.