வாயாடி நர்ஸ்

"மலை ஆஸ்பத்திரி இன்டர்வியூல என்னம்மா கேட்டாங்க?" வாசலிலேயே மறித்தான் கணவன்.

"ஒண்ணும் கேக்கல. உள்ள போனதும் ரொம்ப நேரம் எல்லாரும் சும்மா உக்காந்திருந்தோம்" என்றாள் நர்ஸ், செருப்பைக் கழற்றியபடி.

"வீட்ல ஓயாத வாய் அங்கே என்னாச்சு? உன் அனுபவத்தை எல்லாம் எடுத்து விட்டிருக்கலாமே!"

"எனக்கு முன்னாடி போனவங்க எல்லாம் எடுத்து விட்டாங்களாம்."

"அப்ப வேலை போச்சு."

"கிடைச்சிருச்சுங்க."

"எப்படி? டாக்டருங்க என்ன சொன்னாங்க?"

"டாக்டருங்க யாரும் இல்லைங்க. ஆள் எடுத்ததே அந்த மலையில இருக்கிற பழங்குடி அம்மாக்கள்தான், இடுப்புல குழந்தையோட. புது ஆள் வந்தா, முதல்ல அவங்கதான் பேசுவாங்களாம். 'வந்ததுமே புத்தி சொல்லாம, நாங்க பேசுற வரைக்கும் காத்திருந்தவ நீ ஒருத்திதான். எங்க பிள்ளைங்கள நீயே பாரு'ன்னாங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்த கணவன், பேசாமல் அவள் எதிரே உட்கார்ந்தான்.