முப்பதாவது மடிப்பு

“எதிர்த்த கடை இருளப்பன் சோன்பப்டி நாக்குல வச்சதுமே காணாமப் போவுது” என்று மனைவி வேலம்மா சொன்ன நாளிலிருந்து மிட்டாய்க்கடை சுடலைமணிக்குத் தூக்கமில்லை. பாகை ஒருமுறை மடித்து இழுத்தால் இழை இரட்டிக்கும், மெலியவும் செய்யும். இருளப்பன் மடிப்பது பதினான்கு மடிப்பு. இரண்டின் பதினான்காம் அடுக்கு, பதினாறாயிரத்துச் சொச்சம் இழை. சுடலைமணி வயிற்றெரிச்சலில் முப்பது மடித்தார். நூற்றேழு கோடி இழை. தட்டில் ஒன்றுமே தெரியவில்லை.

“வெறுந்தட்டுக்கு என்னத்துக்கு ஈ ஓட்டுதீய?” என்றாள் வேலம்மா. வந்தவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் இருளப்பனே வந்தான். தட்டைத் தொட்டு விரலை நக்கிவிட்டு, வெகுநேரம் கண்ணை மூடி நின்றான்.

“அண்ணாச்சி, ஏலக்காய் ஒரு பொட்டு கூடிப்போச்சே” என்றான்.

கூடித்தான் போயிருந்தது.