பாறையை ஒட்டிய அறை

"அந்த ரூம் வேண்டாம் அண்ணாச்சி. ஜன்னலைத் திறந்தா பாறைதான் தெரியும். முன்பக்கம் தாரேன், கழுகுமலை வரைக்கும் பாக்கலாம்" என்றாள் விடுதி வரவேற்பில் இருந்த பிரித்திகா.

"எங்களுக்கு அந்தப் பாறையை ஒட்டுன ரூம்தாம்மா வேணும்" என்றார் பூவனலிங்கம். அவர் மனைவி வேலுத்தாய் முந்தானைக்குள் ஒரு செம்பை மறைத்துப் பிடித்திருந்தாள்.

பொட்டல்காட்டில் புதிதாய் எழும்பிய கருங்கல் விடுதி அது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தங்க வந்தவர்கள் இவர்கள்தான் முதல்.

"எத்தனை பேரு?"

"மூணு பேரும்மா. மகளும் உண்டு."

"அப்ப இன்னொரு கட்டில் போடச் சொல்லுதேன்."

"வேண்டாம். இருக்குற கட்டிலையே ஓரமா நகட்டிக்கிடுதோம்."

அரை மணி கழித்து மகளுடைய ஆதார் அட்டை கேட்கப் போன பிரித்திகா வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலை நகர்த்திய இடத்தில் உட்கார்ந்து வேலுத்தாய் செம்புப் பாலைத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யுதீங்க? கல்லு கறையாயிரும்!"

"கோவிச்சுக்கிடாத தாயி" என்று பூவனலிங்கம் கும்பிட்டார். "இங்கன ஆட்டுக்கிடை போட்டிருந்தப்பதான் எங்க ஒத்தப் பிள்ளை காய்ச்சல்ல போயிட்டா. இந்தப் பாறைதான் அடையாளம், அதை ஒட்டி இந்த இடத்துலதான் புதைச்சோம். வருசா வருசம் வந்து பால் ஊத்துவோம். போன வருசம் வாட்ச்மேன், ரூம் எடுத்தவியளைத்தான் உள்ள விடுவேன்னுட்டாரு."

வேலுத்தாய் நிமிரவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலால் சந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"மண்ணா இருந்தப்ப ஊத்துன உடனே குடிச்சிருவா" என்றாள்.

ஒரு சொட்டும் இறங்கவில்லை. வழவழப்பான கல்லில் ஓடி வந்த பால் பிரித்திகாவின் செருப்பை நனைத்தது.