சீல் உடைக்காத புட்டி

மூன்று மருந்தைத் தின்று ஏப்பம் விட்ட செல்கள் அவை. கீழே வார்டில் கிடக்கும் பாப்பாவின் ரத்தப் புற்றிலிருந்து எடுத்தவை. ஆய்வுக்கூடத்து அக்காவுக்கு அவற்றைப் பார்த்தாலே ஆகாது. நாலாவதாக வந்தது, புற்றை மட்டும் குறிபார்த்து அடிக்கும் மருந்து. ஊற்றிய மறுநாளே எல்லாம் செத்து அடியில் படிந்தன.

"ஒழிஞ்சுதுங்க, சனியனுங்க!"

செத்ததையும் இன்னொரு தடவை கொன்றுதான் கொட்ட வேண்டும் என்பது அங்கே விதி. பிளீச்சிங் கரைசலில் ஊற்றி மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் திறந்தால், கரைசல் சளியாய்க் கலங்கிக் கிடந்தது. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கொழுகொழுவென்று, இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டிருந்தன. பிளீச்சில் எதுவுமே பிழைக்காது. உடனே வார்டுக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், புது மருந்தை ஏத்தாதீங்க!"

"பாதி ஏறிடுச்சேம்மா. நீங்கதானே எல்லாம் செத்துடுச்சுன்னு சொன்னீங்க?"

போனை வைத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். புது மருந்து வந்த பெட்டியில் இன்னொரு புட்டி மிச்சமிருந்தது, சீல்கூட உடைக்காதது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

உள்ளே சளி மெதுவாகப் புரண்டு படுத்தது.