குழாயின் மேல் மூன்று விரல்

குழாயின் மேல் மூன்று விரல்களை வைத்தான்.

நடுங்கியது.

இன்னும் காற்று இருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து காற்றும் இறங்குகிறது. அப்படி இறங்கும்போதுதான் அந்தச் சத்தம் வருமாம்.

வருமாம். அவன் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து எதையும் கேட்டதில்லை.

கேட்டவர் கீழ்வீட்டில் இருக்கிறார். வீட்டுக்காரர், சென்னியப்பன். அவருடைய கட்டிலுக்கு நேர் மேலேதான் அவனுடைய கடல்நீர்க் கண்ணாடித் தொட்டி நிற்கிறது. போன வாரம் கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தார்.

'கக்கூசில் ஓயாமல் தண்ணி ஊற்றுகிற மாதிரி இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கேட்பேன். சத்தம் இருந்தால் தொட்டி இருக்கக் கூடாது.'

இன்று ஞாயிறு. மணி ஐந்து.

தொட்டிக்குள் பவளம் விரிந்திருந்தது. கடல் இல்லாத கோயம்புத்தூரில், வாளி வாளியாக உப்பைக் கரைத்து, ஆறு வருடம். வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவு. இப்போது இரண்டு கைகளை விரித்து வைத்தாலும் மறையாது. பாறையோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. பெயர்த்தால் கிழியும்.

பழைய ஒற்றைக் குழாயை அறுத்து எறிந்திருந்தான். அந்த இடத்தில் இப்போது மூன்று. தொட்டியின் பின்பக்கப் பெட்டியில் வழிகிற தண்ணீரை அவை தொட்டியைத் தாங்கும் அலமாரிக்குள் இருக்கிற சின்னத் தொட்டிக்கு இறக்க வேண்டும். அங்கிருந்து ஒரு சிறிய மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். முதல் குழாயில் தண்ணீர் மட்டும், காற்றே கலக்காமல், நிறைந்து இறங்க வேண்டும். இரண்டாவதில் நூல் போல ஒரு கசிவு. மூன்றாவது காய்ந்தே கிடக்க வேண்டும். முதல் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் அதற்கு வேலை.

எல்லாம் முதல் குழாயில் உள்ள ஒரு வால்வின் திருப்பத்தில் இருக்கிறது.

ஆள் அனுப்புகிறேன் என்று சென்னியப்பன் கையசைத்துச் சொல்லியிருந்தார். வேண்டாம், நானே செய்கிறேன் என்று அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவர் மனைவியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழுக்கத் திருப்பவில்லை.

"தனக்கே கேக்காத சத்தத்த இவன் எங்க நிறுத்தறது?"

உதடுகள் தெரிந்தன. அந்த அம்மாள் சிரித்ததும் தெரிந்தது.

அவன் வேலை பார்ப்பது மோட்டார் கம்பெனியின் சோதனைப் பிரிவில். மற்றவர்கள் திருப்புளியை மோட்டாரில் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அவன் விரல் வைப்பான். சந்தேகம் வந்தால் அவர்களும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

வால்வை மூடினான்.

அதிகமாகிவிட்டது. பெட்டியில் தண்ணீர் ஏறி மூன்றாவது குழாய்க்குள் விழுந்தது. கழுத்தைப் பிடித்த கோழியைப் போல அது உதறியது.

கால் சுற்று திறந்தான்.

காத்திருந்தான்.

நாற்காலியை இழுத்தால், கதவைச் சாத்தினால், யாராவது உதட்டில் விரல் வைப்பார்கள். பள்ளியில். பேருந்தில். சிரித்தால்கூட. அவன் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். தான் அறியாத ஒன்றுக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

இந்தத் தொட்டிக்காகக் கேட்கப் போவதில்லை.

இன்னும் கொஞ்சம் மூடினான். ஒரு மயிரிழை.

விரல்களுக்குக் கீழே நடுக்கம் மெலிந்தது. மெலிந்து மெலிந்து, நின்றது. குழாய் கனத்து நின்றது. உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு லேசான குளிர்ச்சியைத் தவிர அடையாளமே இல்லை.

நெற்றியைக் குழாயில் சாய்த்தான். எலும்பு பொய் சொல்லாது.

ஒன்றுமில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்பே சென்னியப்பன் வந்தார். தொட்டியின் முன் நின்று தலையைச் சாய்த்தார். புருவம் சுருங்கியது.

"மோட்டார ஆஃப் பண்ணி வெச்சுட்டியாப்பா?"

அவன் ஒரு சிட்டிகைத் தீனியைத் தண்ணீரில் போட்டான். அது மிதந்து போய், பெட்டியின் விளிம்பைத் தாண்டி, உள்ளே விழுந்து மறைந்தது. பவளத்தின் கைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அவருடைய விரல் உயர்ந்தது. முகம் மலர்ந்தது.

"இதா! கேக்குது பாரு, உர்ருனு. சொன்னனில்ல?"

அவனுடைய பாதங்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

தினமும் வருவதுதான். விடியற்காலை ஐந்தரைக்கு ஒருமுறை, சாயங்காலம் ஆறுக்கு ஒருமுறை. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு, கீழ்வீட்டில் அந்த அம்மாள் சுவிட்சைப் போடுகிற நேரம். அவருக்குக் கீழே அது பழகிப்போன சத்தம். மேலே நின்று அவர் அதைக் கேட்டதில்லை. அந்த மோட்டாரின் குழாய் இந்தச் சுவரோடுதான் ஏறுகிறது. பேரிங் தேய்ந்து ஏழு மாதம் ஆகிறது. கட்டில் வழியாக, தலையணை வழியாக, பல்வரைக்கும் வந்து அவனை எழுப்பிவிடும்.

அவன் யார் கதவிலும் காகிதம் செருகவில்லை.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். அவர் திடுக்கிட்டார். அவன் விடவில்லை.

உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்தான்.

கண்ணாடியின் மேல்.

குனிய வைத்து, அலமாரிப் பலகையின் மேல்.

பிறகு சுவரில்.

அவருடைய மோதிரம் சுவரில் பட்டுப் பட்டுத் துடித்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

அவர் கையை இழுக்கப் பார்த்தார். அவன் தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினான்.

அவர் அவன் பக்கம் திரும்பினார். உதடுகள் பிரிந்தன. ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.