எலும்பில்லாத கட்டைவிரல்

"கையைக் கொடுங்க!"

ஆரப்பாளையத்தில் பீர் முகமதுவின் சாப்பாட்டுக் கடைக்கு யார் வந்தாலும் முதல் உபசாரம் இதுதான். கொடுத்த கையைச் சும்மா குலுக்கிவிட்டு விடமாட்டார். கட்டைவிரலைப் பிடித்து அமுக்கு அமுக்கென்று அமுக்குவார்.

"நேத்து இருந்த எலும்பு இன்னைக்கும் பத்திரமா இருக்கு பாய்!" என்றார், பரவைச் சந்தைக்கு வண்டி ஓட்டும் சோணைமுத்து. கடையே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். பீர் முகமதுவின் மச்சான் அப்துல் அலீம். கடையில் பாதி முதல் அவருடையது.

விஷயம் இதுதான். ஹிள்ரு நபி இன்னும் உயிரோடு உலகத்தைச் சுற்றி வருகிறார். யார் உருவத்திலும் வருவார். அவருடைய கட்டைவிரலில் எலும்பு இருக்காது. பெரியவர்கள் இப்படிச் சொல்லிவந்த நம்பிக்கை.

அலீம் மார்க்கப் பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பவர். அவரிடம் இது நடக்குமா?

"அவரு மவுத்தாகி எம்புட்டோ காலமாச்சு மாப்ள. உமக்கு முன்னாடி எந்த மனுசனுக்கும் நிரந்தர வாழ்வைக் கொடுக்கலைன்னு அல்லாவே நம்ம நபி ரசூலுல்லாட்ட சொல்லிட்டான். குர்ஆன்ல இருக்கு."

"ஹயாத்தோட, உசுரோட இருக்காருன்னு எங்க அத்தா சொன்னாக மச்சான். எத்தனையோ ஆலிம்களும் அப்படித்தான் சொல்றாக."

"சொல்லட்டும்! இது யுத்த காலம். அரிசிக்கு நாய்படாத பாடு படுறோம். நீ என்னடான்னா கண்டவன் கையைத் தடவிப் பார்த்து, நபியா இருக்கும்னு சும்மா சோறு போடுற. இன்னைக்கு நானும் உக்காந்து பாக்குறேன். இந்தக் கூத்து நிக்கலேன்னா கடையை இழுத்து மூடிரலாம்."

சொன்னபடியே வாசலோர பெஞ்சில் உட்கார்ந்தும் விட்டார். போலீஸ்காரர்கூட அவ்வளவு விறைப்பாக உட்காரமாட்டார்.

மத்தியானம் ஆனையூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். தோளில் மண்வெட்டி. வேலை தேடி வந்து கிடைக்காதவர் என்று முகமே சொன்னது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாண்ணே?"

"மொதல்ல கையைக் கொடுங்க!"

பீர் முகமது அமுக்கினார். மறுபடி அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, "சுபுஹானல்லா!" என்றார். "உள்ள வாங்க, இலையைப் போடுறேன்."

"பசியெல்லாம் இல்லண்ணே. தண்ணி போதும்."

"உங்களுக்குப் பசிக்குதான்னு யாரு கேட்டா? ஒரு பெரியவருக்குச் சோறு போடணும்னு எனக்கு நேர்ச்சை. அவரு எந்த உருவத்துல வருவாருன்னு யாருக்குத் தெரியும்? நீங்க சாப்பிடாமப் போயிட்டா பாவம் எனக்குத்தான்."

வந்தவர் யோசித்தார். பிறகு, போனால் போகிறது என்று பாய்க்கு ஓர் உதவி செய்கிற தோரணையில் உட்கார்ந்தார். சோறு மறுபடி மறுபடி வந்தது. எதையும் வேண்டாமென்று சொல்லி அவர் பீர் முகமதுவின் மனசை நோகடிக்கவில்லை.

"உங்க நேர்ச்சை பலிக்கட்டும்ணே" என்று வாழ்த்திவிட்டுக் கிளம்பினார்.

வாசலில் அலீம் காத்திருந்தார். லபக்கென்று அந்தக் கையைப் பிடித்துக் கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், குதிக்காத குறையாக உள்ளே ஓடி வந்தார்.

"எலும்பு இருக்கு மாப்ள! நானே அமுக்கிப் பார்த்துட்டேன். குச்சி மாதிரி தட்டுது! இனி என்ன சொல்லப் போற? கடையை மூடிரலாமா?"

பீர் முகமது வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க மச்சான், அவரு காதுல விழுந்துறப் போகுது. எலும்பில்லாத கையை நான் இன்னும் கண்டதில்லை. ஆனா பசியை வாய்விட்டுச் சொல்லாதவுகளை வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது? எலும்பு மட்டும் இருக்குற கையாப் பார்த்துத்தான் இலையைப் போடுறேன்!"