அலறல்காரி

வெள்ளைச் சேலைப் பேய்ப் படங்களில் தொடங்கி, பார்க்கும் வீட்டுக்கு ஏற்பக் கதையைத் தானே மாற்றிப் பின்னிக்கொள்ளும் இன்றைய திகில் படங்கள் வரை, அலறுவது ஜெசிந்தாவின் குரல்தான். அந்தக் குரலை அவள் என்றைக்கோ ஸ்டூடியோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மதியம் அவள் ஏறிய குடியிருப்பு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. அபாய மணியும் அடிக்கவில்லை. அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

மேல்வீட்டு வரதப்பனும் மனைவியும் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது.

"எவன் வீட்லயோ பேய்ப்படம் ஓடுது" என்றார் வரதப்பன்.

ஜெசிந்தா அலறலை விழுங்கிக்கொண்டு நிதானமாகக் கூப்பிட்டாள். "வரதப்பன் அண்ணே, படமில்லண்ணே! ஜெசிந்தா பேசுறேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

காலடிகள் நின்றன. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியா கோமதி, இப்பல்லாம் படம் நம்ம பேரு, நம்ம லிஃப்டு எல்லாத்தையும் சேத்துக்குது!"

இருவரும் சிரித்தபடி இறங்கிப் போவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.